மாதச் சம்பளமும் கொல்லைப்புற வருவாயும்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆலைத் தொழிலாளர், ஊராட்சிப் பணியாளர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப் பெற்றது. அக்காலத்தில் கிராமவாசி என்றால் உழவர், அல்லது உழவுத் தொழிலாளி, அல்லது கைத்தொழில் செய்வோர் என்றே பொருள். உபதொழில் வேண்டும் என்று அன்று கூறியதெல்லாம் வயலில் வேலையில்லாத மாதங்களைக் கருதியே ஆகும். காந்தியடிகள் இராட்டையை வலியுறுத்தியதற்கும் அதுவே காரணம். தஞ்சையில் பிறந்து, 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று, தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் கழித்து 1960இல் மறைந்த ஜே. சி. குமரப்பா அவர்கள், தேனீ வளர்த்தல், எண்ணெய் ஆட்டுதல், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் முதலான சிறு தொழில்களைக் கிராமத்தின் உயிர்நாடியெனக் கருதினார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. விடிவதற்கு முன்பே ஆலைப் பேருந்து ஊர் எல்லையில் வந்து நிற்கிறது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் நூற்பாலைக்குச் செல்வோர் சிலர், பின்னலாடைத் தொழிற்சாலைக்குச் செல்வோர் சிலர், அங்கன்வாடியிலும் ஊராட்சியிலும் பணிபுரிவோர் சிலர் என்று மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள் ஊர்தோறும் காணப்படுகின்றன. இவர்களுக்கு ஓய்வு மாதம் என்பது இல்லை. ஆயினும், சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துவிடுகிறது, மிச்சமுள்ள இருபது நாட்களுக்குக் கடன் வாங்குகிறோம் என்பதே நாம் செல்லுமிடமெல்லாம் கேட்கும் குறையாகும். ஆலை ஒரு மாதம் மூடினாலும், குடும்பத் தலைவர் நோயில் விழுந்தாலும், அக்குடும்பத்திற்கு வேறு கதியில்லை. ஒற்றைக் கம்பத்தின் மேல் நிற்கும் பந்தல் போன்றது ஒற்றைச் சம்பளத்தை நம்பிய குடும்பம். இரண்டாவது கம்பத்தை எங்ஙனம் நடுவது என்பதே இன்றைய நமது பேச்சின் பொருள்.

மூவகை வருவாய்

'உட்கார்ந்த இடத்தில் வருவாய்' என்ற சொற்றொடர் இக்காலத்தில் எங்கும் அடிபடுகிறது. கைப்பேசியைத் திறந்தால் அதைப்பற்றிய விளம்பரந்தான். இச்சொல்லின் பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம்.

வருவாய் மூவகைப்படும். முதலாவது உழைப்பு வருவாய். உழைத்த நாளுக்குக் கூலி, உழையாத நாளுக்கு இல்லை. இரண்டாவது வளர்ப்பு வருவாய். மரமும், ஆடு, மாடு, கோழியும், தேனீயும் நாம் உறங்கும்போதும் வளர்கின்றன. அவற்றைப் பேணுவதற்குச் சிறிது நேரம் வேண்டும், ஆனால் நாள் முழுவதும் வேண்டுவதில்லை. மூன்றாவது வைப்பு வருவாய். நேற்றைய உழைப்பில் மிஞ்சிய பணம் வட்டியாகவும் வாடகையாகவும் திரும்பி வருவது.

இவற்றுள் மூன்றாவதைத்தான் உட்கார்ந்த இடத்து வருவாய் என்கிறார்கள். ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் மூன்றாவதை அடைந்தவர் எவரும் இலர். முன்னோர் சொத்து உடையவர்க்கும், அவர் முன்னோர் உழைத்திருப்பர். ஆகவே உழைப்பில்லாத வருவாய் என ஒன்றில்லை. முன்னதாகவே உழைத்து வைத்த வருவாய்தான் உண்டு. இதை மனத்தில் பதித்துக்கொண்டால், பின்னர்க் கூறப்போகும் மோசடிகள் உங்களை அணுகமாட்டா.

முதற் படி: கடனடைப்பு

கோழி வளர்ப்பா, தேனீ வளர்ப்பா என்று கேட்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கிய கடன் வீட்டில் உண்டா?

நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியில் 50,000 ரூபாய் கடன் வாங்கியிருப்பவர், மாதம் 1,500 ரூபாயை வட்டியாக மட்டும் கொடுத்து வருகிறார். ஆண்டுக்கு 18,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது. நூற்றுக்குப் பத்து ரூபாய் எனக் கந்து வட்டிக்கு வாங்கியவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தே மாதத்தில் அசலுக்கு நிகரான தொகையை வட்டியாகவே கட்டிவிடுகிறார். மட்டுமீறிய வட்டி வாங்குவது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மட்டுமீறிய வட்டி வசூலித்தல் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதையும் இங்கு நினைவூட்டுகிறோம்.

இத்தகைய கடனைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்து நகைக் கடனாகவோ, மகளிர் குழுவின் உட்கடனாகவோ மாற்றிக்கொண்டு, விரைவில் அடைத்துவிட்டால், மாதம் 1,500 ரூபாயில் பெரும்பகுதி வீட்டிலேயே தங்கும். கோழி வாங்கவில்லை, கொட்டகை போடவில்லை, அங்காடிக்கு அலையவில்லை, வருவாய் வந்துவிட்டது. கடனடைப்பே முதல் உபதொழில் என்று நாம் துணிந்து கூறுவோம். வட்டிக்குக் கடனை வைத்துக்கொண்டு, மேலும் ஒரு கடன் வாங்கிக் கறவை மாடு பிடிப்பவர், ஓட்டைப் பானையில் நீர் நிரப்புபவரே ஆவார்.

இரண்டாம் படி: வளர்ப்பு வருவாய்

இனி, நம் வட்டாரங்களில் மாதச் சம்பளக்காரர் மேற்கொள்ளத் தக்க சில தொழில்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை நேரம் வேண்டும்? முதல் வருவாய் எப்போது வரும்? நாம் வீட்டில் இல்லாத ஒரு நாளில் என்ன கெடும்?

(1) புறக்கடைக் கோழி. நாட்டுக்கோழி ஆண்டுக்கு மூன்று நான்கு தடவைகளில் சுமார் 60 முட்டைகள் இடும். ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 300 முட்டைகள் என்று கொள்வோம். பாதியை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 150 முட்டைகளை அடைக்கு வைத்தால், 21 நாட்களில் பொரிந்துவரும் குஞ்சுகள் நூறு இருக்கலாம். பருந்தும் கீரியும் நோயும் கொண்டுபோனது போக ஐம்பது தங்கினால், கோழி ஒன்று 300 ரூபாய் எனக் குறைவாக மதித்தாலும் ஆண்டுக்கு 15,000 ரூபாய். தீனிச் செலவு போக மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாது. காலையில் திறந்துவிடவும் மாலையில் அடைக்கவும் கால் மணி நேரம் போதும்.

இத்தொழிலைக் கெடுப்பது ஒன்றே ஒன்று. அது வெள்ளைக்கழிச்சல். வந்தால் ஊரில் உள்ள கோழிகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போகும், வந்தபின் மருந்தில்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் ஒரு தடுப்பூசியும் போட்டுவிட்டால் இந்நோய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை. குஞ்சுகளை முதற் சில வாரங்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துத் தீனி கொடுத்தால் பருந்துக்கும் தப்பும். இவ்விரண்டு பழக்கங்களால் ஐம்பது குஞ்சுகள் தங்கிய வீட்டில் எழுபது தங்கினால், அந்த இருபதின் மதிப்பு மட்டும் 6,000 ரூபாய். இதற்குச் செலவு மிகச் சிறிது; நினைவு ஒன்றே வேண்டும்.

(2) முருங்கையும் தென்னையும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் முருங்கை, விதை ஊன்றிய ஆறாம் மாதம் காய்க்கத் தொடங்குகிறது. வேலியோரத்தில் பத்து மரங்கள் நிற்க இடமில்லாத வீடு அரிது. நீர் அதிகம் கேட்பதன்று. காய்த்து ஓய்ந்தபின் வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். காய் விலை விழும் காலத்தில் கீரைக்காவது விலையுண்டு.

தென்னையோ பொறுமையுடையோர் பயிர். நெட்டை இரகம் பலன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். பின்னர் அறுபது ஆண்டுகள் பலன் தரும். இன்று முப்பத்தைந்து வயதுள்ள தொழிலாளி ஐந்து கன்றுகளை மூன்றடிக் குழியில் நட்டுவைத்தால், அவர் ஓய்வுபெறும் காலத்தில் அவை முழுப் பலனில் நிற்கும். மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய்கள் வீதம் 400 காய்கள். காய் 15 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். வீட்டுச் சமையலுக்கு எடுத்தது போக, ஏறுகூலியும் போக, கையில் நிற்பது சிறிதே ஆயினும், ஆண்டுதோறும் வருவது. ஆனால் நடும்போது 25 அடி இடைவெளி விடவேண்டும். இரண்டு மரங்கள் நிற்கும் இடத்தில் ஐந்தை நெருக்கி நட்டு, எல்லாவற்றையும் மலடாக்கியிருக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம்.

தென்னை ஒன்றையே நம்புவதும் ஆகாது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் தோன்றிய சுருள் வெள்ளை ஈ தோப்புத் தோப்பாகப் பரவிற்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில், பிள்ளையைப் போல் வளர்த்த மரங்கள் ஓரிரவில் சாய்ந்தன. அக்குடும்பங்களில் ஆடும் கோழியும் கொஞ்சம் வைப்புப் பணமும் இருந்தவர் மறுபடி கன்று நடும் வரை தாங்கினர். மரம் ஒன்றே இருந்தவர் ஊரைவிட்டு வேலை தேடிச் செல்ல நேர்ந்தது. பல கால்களில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

(3) தேனீ. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தின் கதை இங்கு கூறத்தக்கது. அங்கே 1920களில் இளைஞர் கிறித்துவ சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஏழைக் குடும்பங்களுக்குப் பெருமுதல் வேண்டாத தொழில்களைக் கற்பித்தார். அவற்றுள் மரப்பெட்டியில் தேனீ வளர்த்தலும் ஒன்று. பின்னர் அப்பகுதியெங்கும் அது குடும்பத் தொழிலாகப் பரவிற்று. அங்கு மற்ற வேலைகளில் இருந்துகொண்டே பலர் தேன் பெட்டிகளையும் பேணி வந்தனர். ரப்பர் மரங்கள் இலை துளிர்க்கும் தை, மாசி, பங்குனி மாதங்களே அவ்விடத்துத் தேன் பருவம். நல்ல பருவத்தில் ஒரு பெட்டியிலிருந்து எட்டுப் பத்துக் கிலோ தேன் கிடைக்கும். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். பூவில்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும்.

ஆயினும் 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் புழு நோய் எனப்படும் நச்சுயிரி நோய் தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பான்மையை அழித்தது. பெட்டிகள் வெறுமையாயின. தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழிலை மீட்டனர். தேன் பருவமுள்ள இடமும், பூச்சிமருந்து குறைவாகத் தெளிக்கும் சுற்றுப்புறமும் வாய்த்தவர்க்கே இத்தொழில் ஏற்றது. வாய்க்காதவர் பெட்டி வாங்க வேண்டா.

(4) கறவை மாடு. இதைப்பற்றிச் சற்று வெளிப்படையாகவே கூற வேண்டும். பால் வருவாய் நம் நாட்டுச் சிறு குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது என்பதில் ஐயமில்லை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், ஊர்தோறும் அமைந்த பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அதற்குச் சான்று. ஆனால் மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலை ஐந்து மணிக்கும் மாலையிலும் பால் கறக்க வேண்டும். கலப்பினப் பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிலோவுக்குக் குறையாத பசுந்தீவனமும், அதன் மேல் அடர்தீவனமும் வேண்டும். பத்து மாதம் கறந்தால் இரண்டு மாதம் வற்றுக் காலம். அம்மாதங்களிலும் தீனி நிற்பதில்லை, கடன் தவணையும் நிற்பதில்லை.

ஆகவே, பத்துச் சென்ட் நிலத்திலாவது கம்பு நேப்பியர்ப் புல் வளர்க்க நீர்வசதியும், பகலில் வீட்டில் ஓர் ஆளும் இல்லாதவர், ஆலை வேலையோடு கறவை மாட்டைச் சேர்த்துக்கொள்ளுதல் கூடாது. தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கும் வீட்டில் மாடு சம்பாதிப்பது தீவனக் கடைக்காரருக்கே.

உபதொழில் யார் தோளில்?

இவ்விடத்தில் தாய்மார்கள் சார்பில் ஒன்று கூற விரும்புகிறோம். குடும்பத் தலைவர் 'உபதொழில் தொடங்கியிருக்கிறேன்' என்று பெருமையாகச் சொல்கிறார். போய்ப் பார்த்தால், சாணம் அள்ளுவதும், தீவனம் அறுப்பதும், பால் ஊற்றிவிட்டு வருவதும் அவர் மனைவி. அந்த அம்மையாரும் பகலில் நூறு நாள் வேலைக்கோ, ஆலைக்கோ சென்று வருபவர். பால் பணம் மட்டும் ஐயாவின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறது. இது உபதொழில் அன்று. ஒருவர் தோளில் ஏற்றிய மற்றொரு சுமையே ஆகும்.

உழைப்பவர் பெயரில் கணக்கு இருக்கட்டும். சங்கத்தில் உறுப்பினராக அவர் பெயரே பதிவாகட்டும். தருமபுரி மாவட்டத்தில் 1989இல் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலாக அமைக்கப்பட்டபோது, பெண்கள் தம் பெயரில் சிறு சேமிப்பை வைத்துத் தமக்குள்ளே கடன் கொடுத்து வாங்கிக்கொண்டதே அவ்வியக்கத்தின் அடித்தளமாக இருந்தது. அத்துடன், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை நிறுத்தி ஆடு மேய்க்க விடுவது, நாளைய சம்பளத்தை விற்று இன்றைய தீவனம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

'எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றவன் வீட்டுக்கு வந்தும் உழைக்க வேண்டுமா?' என்று தொழிலாளத் தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. இரவுப் பணி முடிந்து வந்தவருக்கு முதல் தேவை உறக்கம். உறக்கத்தைக் குறைத்துச் சம்பாதிப்பது பின்னால் மருத்துவமனைக்குக் கட்டவேண்டிய பணம். அதனாலன்றோ நாளொன்றுக்கு அரை மணி நேரத்துக்கு மிகாத தொழில்களை முதலில் வைத்தோம்! சம்பள உயர்வு கேட்பதற்கும் சங்கம் சேர்வதற்கும் மாற்றாக உபதொழிலை யாரும் கருதிவிடவும் கூடாது. உரிய கூலி உரிமை. உபதொழில் அதற்கு மேல் ஒரு துணை.

மூன்றாம் படி: வைப்பு வருவாய்

கோழியில் வந்த 1,000 ரூபாயும், கடனடைத்ததால் மிஞ்சிய 1,500 ரூபாயும் சேர்ந்து மாதம் 2,500 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். இது கண்ணுக்குத் தெரியாமல் செலவாகிவிடக்கூடிய தொகை. ஆகவே, அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி அதில் கட்டிவரலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே இக்கணக்கைத் தொடங்க இயலும். 60 மாதங்களில் 1,50,000 ரூபாய் அசலும் அதன் வட்டியும் சேரும். அந்த ஒன்றரை இலட்சத்தை அஞ்சலக மாதாந்திர வருவாய்த் திட்டத்தில் இட்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் வட்டி என்று கணக்கிட்டால், மாதம் 875 ரூபாய் வரும். இத்திட்டத்தில் ஒருவர் பெயரில் இடக்கூடிய உச்ச வரம்பு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 9 இலட்சம் ரூபாயாகவும், கூட்டுக் கணக்கில் 15 இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது.

ஐந்தாண்டுப் பாட்டுக்கு 875 ரூபாய்தானா என்று நீங்கள் நகைக்கலாம். நகைக்க வேண்டா. உட்கார்ந்த இடத்து வருவாயின் உண்மையான விலை இதுவே. மாதம் 5,000 ரூபாய் இவ்வாறு வரவேண்டுமானால் 8 இலட்சத்து 57 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். பணம் இரட்டிக்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று அறிய 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள்; ஏழு விழுக்காட்டில் சுமார் பத்தாண்டுகள். முதல் ஐந்தாண்டோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த ஐந்தாண்டுகளும் கட்டி வருபவர், ஓய்வூதியமில்லாத தம் முதுமையில் மருந்துச் செலவுக்காகப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. எந்த அளவுக்கு அது பெரிது என்பதை, நம் அலுவலகத்து வாயிலில் முதியோர் உதவித்தொகை மனுவுடன் காத்திருப்போரைக் கண்டவர் அறிவர்.

வங்கியில் இடுவோர் ஒன்றை அறிந்துகொள்க. வைப்புத் தொகைக் காப்புறுதியின் வரம்பு 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தெருமுனையில் நடக்கும் சீட்டுக்கு அத்தகைய காப்புறுதி ஏதுமில்லை.

ஈமுவின் பாடம்

மேற்சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, நம் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். ஈமு என்பது ஆஸ்திரேலிய நாட்டுப் பெரும் பறவை. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டு சில நிறுவனங்கள், பணம் கட்டுவோர்க்கு ஈமுக் குஞ்சுகளும் தீனியும் தந்து, வளர்ப்பதற்கென்று மாதந்தோறும் பெருந்தொகை தருவதாக விளம்பரம் செய்தன. நிலத்தை அடமானம் வைத்தும் நகையை விற்றும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினர். முதலிற் சேர்ந்தவர்க்குச் சில மாதம் பணமும் வந்தது. அதைக் கண்டு உறவினரும் சேர்ந்தனர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் அக்கட்டடம் இடிந்து வீழ்ந்தது. பறவைகளுக்குத் தீனி போடவும் ஆளில்லாமற் போயிற்று. வைப்பீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் தொடரப்பட்டன.

அன்று கேட்கப்படாமற் போன கேள்வி ஒன்றே. ஈமு இறைச்சியை எந்தச் சந்தையில், யார், என்ன விலைக்கு வாங்குகிறார்கள்? வாங்குவோர் இல்லை. புதிதாகச் சேர்வோர் கட்டிய பணமே பழையவர்க்கு வருவாயாகச் சென்றது. சேர்வோர் குறைந்த அன்றே வருவாயும் நின்றது. கோழிக்கு ஊர்ச் சந்தை உண்டு, முருங்கைக்கு உண்டு, பாலுக்குச் சங்கம் உண்டு. விற்கும் இடம் தெரியாத பொருளை வளர்க்கலாகாது.

ஈமு போயிற்று, அதன் பிள்ளைகள் போகவில்லை. ஒரு இலட்சம் கட்டினால் மாதம் 5,000 ரூபாய் என்று இன்றும் ஒருவர் வந்து சொல்வார். அது ஆண்டுக்கு அறுபது விழுக்காடு. நேர்மையான எந்தத் தொழிலும் முன்பின் தெரியாத உங்களுக்கு அறுபது விழுக்காடு கொடுக்குமாயின், அவர் வங்கியில் அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கமாட்டாரா? கைப்பேசியில் படங்களுக்கு விருப்பக் குறி இட்டால் நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லி, முதலில் சிறு தொகை தந்து, பின்னர்ப் பெருந்தொகை கட்டச் சொல்லும் வஞ்சகமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வேலை தருபவர் நம்மிடம் பணம் கேட்பாரானால் அது வேலையன்று. ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் தெரிவிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

பணியாளர்க்கு ஒரு சொல்

இங்கு வந்துள்ள அரசுப் பணியாளர்களுக்கும் ஒரு சொல். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், முன் அனுமதியின்றி வணிகத்தில் ஈடுபடுவதைத் தடை செய்கின்றன. கொல்லையில் மரம் வைப்பதும் அஞ்சலகத்தில் சேமிப்பதும் வேறு. கடை வைத்து நடத்துவது வேறு. ஐயமுள்ளவர் மேலதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிதல் நன்று. பணி நேரத்தையும் பணியிடத் தொடர்பையும் உபதொழிலுக்குப் பயன்படுத்துவது எந்நிலையிலும் தகாது. ஆலைத் தொழிலாளரும் தம் பணி நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துக்கொள்வது நலம். ஊறுகாய், தின்பண்டம் செய்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டுவன

தோழர்களே, இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்வோம். வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். பின்னர் ஒரே ஒரு தொழிலைச் சிறிய அளவில் தொடங்குங்கள். ஐந்து கோழியில் தேறாதவர் ஐந்நூறு கோழியில் தேறமாட்டார். ஓராண்டு வரவு செலவைப் பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலாவது எழுதி வையுங்கள். தீனி, மருந்து, போக்குவரத்து, இறந்துபோனவை ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இலாபம் நின்றால் பெருக்குங்கள். நில்லையேல் வெட்கமின்றி நிறுத்திவிட்டு வேறொன்றைப் பாருங்கள். வந்த வருவாயில் பாதியையேனும் வைப்பில் இடுங்கள். விற்கும் இடம் தெரியாத எதிலும் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

கால்நடை உதவி மருத்துவர் அவர்களும், தோட்டக்கலை உதவி அலுவலர் அவர்களும், மகளிர் குழு ஒருங்கிணைப்பாளரும் இம்முகாமில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கொல்லையின் நீள அகலம், கிடைக்கும் நீர், வீட்டில் பகலில் இருப்போர், இருக்கும் கடன் ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு அவர்களைக் கேளுங்கள். 'எதில் அதிக இலாபம்?' என்று கேட்பதைவிட, 'இந்த நான்கையும் வைத்துக்கொண்டு எங்களால் என்ன செய்ய இயலும்?' என்று கேட்பவருக்கே சரியான விடை கிடைக்கும்.

கோழிக் குஞ்சுகளுக்கான தடுப்பு மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும். அடுத்த சனிக்கிழமை காலை, வேலைக்குச் செல்லுமுன்னரே கொண்டுவரத் தக்க விதத்தில், ஏழு மணிக்கு மருந்தகம் திறந்திருக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். குஞ்சுகளை மூடிய கூடையில் கொண்டு வாருங்கள்.